பொலிக்சேனி கழற்றாத சோக்

நவம்பரில் முதல் உறைபனி விழுந்ததும் வடக்கேயிருந்து காட்டுள்ளான் பறவைகள் கிரேக்க மலையூரான க்ரியாநேராவின் ஓக் காட்டுக்கு வந்து இறங்கிவிடும். அவை வந்துவிட்ட சேதி ஊருக்கு மணிச் சத்தத்தில்தான் தெரியும். புதருக்குள் நாய் எங்கே அலைகிறது என்று தெரிவதற்காக அதன் கழுத்தில் மணி கட்டியிருப்பார்கள். மணி அடித்துக்கொண்டிருந்தால் நாய் தேடுகிறது. மணி நின்றுவிட்டால் பறவை நாயின் மூக்குக்கு நேரே பதுங்கியிருக்கிறது, வேட்டைக்காரன் துப்பாக்கியைத் தூக்க வேண்டியதுதான். ஊரில் மற்றப் பெண்களுக்கு இந்தச் சத்தம் காதிலேயே ஏறாது. பொலிக்சேனிக்கு மட்டும் சரிவில் எங்கோ ஒரு மணி நின்றால் கையும் நின்றுவிடும். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தால் நுரைக் கையோடு அப்படியே நிற்பாள். வெடி கேட்டு, திரும்ப மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

அவள் வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆனால் ஒரு காலத்தில் அவளைக் கேட்காமல் இந்த ஊரில் எவனும் துப்பாக்கியைத் தோளில் மாட்டியதில்லை. குழலின் வாய்க்குள் திருகிப் பொருத்தும் ஒரு சின்ன எஃகுக் குழாய் இருக்கிறதே, சோக் என்பார்கள், அதில் அவளுக்கு அப்படி ஒரு தேர்ச்சி. வாய் அகலமான சோக் போட்டால் தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவை குழலை விட்டு வந்ததுமே விரிந்து சிதறும். வாய் குறுகலானதைப் போட்டால் ரவை பிரியாமல் ஒன்றாகத் தூரம் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியாது, விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். அவள் சுண்டுவிரலுக்கு அது தெரிந்தது. ஊர் ஆண்களின் விரல்களோ மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போனவை.

சனிக்கிழமை மதியமானால் அவள் சமையலறையில் குழல்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். உள்ளே வருகிறவனை உட்காரக்கூடச் சொல்ல மாட்டாள்.

"எந்தப் பறவ? காடா, வெளியா?"

"காட்டுள்ளான்தான், பொலிக்சேனி அக்கா."

"அப்ப அகல வாய். முள்ளுக்குள்ள இருந்து எந்திரிச்சுப் பொசுக்குன்னு திரும்பிரும். கிட்டத்துலயே விரியணும்."

மலை முகட்டில் காட்டுப்புறாவுக்கு என்றால் குறுகல். கீழே உப்பங்கழியில் தாராவுக்கு என்றால் அங்கே ஈய ரவை கூடாது, இரும்பு ரவைதான். இரும்பு போட்டுக் குறுகலில் சுட்டால் சோக் உப்பிக் குழலோடு இறுகிக்கொள்ளும், ஆகையால் நடுத்தரம். ஊர்க்காரன் தீமியோஸ் ஒருமுறை அவள் பேச்சைக் கேட்காமல் குறுகலான சோக்கோடு காட்டுள்ளான் வேட்டைக்குப் போய், நாலு இறகும் ஒரு காலுமாகத் திரும்பி வந்தான். "ஏன்டா, பறவையச் சுட்டியா, அம்மியில வச்சு அரைச்சியா?" என்று அவள் கேட்டது இன்றுவரை அவனுக்குப் பட்டப்பெயராக நிற்கிறது. அரைச்சான் தீமியோஸ்.

போடுவதைவிடப் பராமரிப்பதில் அவள் பொல்லாதவள். வேட்டை முடிந்து வந்ததும் சோக்கைக் கழற்ற வேண்டும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் திருகு மரையைத் தேய்க்க வேண்டும். உள்பக்கம் துணி விட்டு, துணி வெளுப்பாக வரும்வரை துடைக்க வேண்டும். மரையில் கிரீஸை மூச்சுக்காற்று பட்டதுபோல் மெல்லிசாகத் தடவி, கையால் திருகி, கடைசியில் சாவியால் ஒரே ஒரு இறுக்கு. அதற்கு மேல் இறுக்கினால் வசவு விழும். சோக் இல்லாமல் சுட்டுவிட்டு மரையைக் கருக்கி எடுத்து வந்த ஒருவனை அவள் வாசலிலேயே நிறுத்தித் திட்டித் தீர்த்ததை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

அவள் புருஷன் லாம்ப்ரோஸ் ஆடு மேய்ப்பவன். துப்பாக்கி அவனுடையது. ஆனால் அதன் வாயை அவன் தொட்டதே இல்லை. "சுடுறது மட்டும்தான் என் வேல, மத்தது எல்லாம் எங்க வீட்டு மேஸ்திரி பாத்துக்குவா" என்று காபிக்கடையில் பெருமை அடித்துக்கொள்வான். நல்ல மனுஷன். ஒரே ஒரு குறை, அவனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும். பெண்டாட்டி என்ன, ஆட்டுக்குட்டிகூடக் கண்டுபிடித்துவிடும்.

பொலிக்சேனியின் தம்பி ஸ்டெர்கியோஸ் செத்த வருஷத்துக்கு வருவோம்.

முதல் நாள் மச்சான்மார் இரண்டு பேரும் முகட்டில் காட்டுப்புறா சுட்டார்கள். ஆகவே லாம்ப்ரோஸின் துப்பாக்கியில் இருந்தது குறுகல் சோக். மறுநாள் காட்டுள்ளானுக்குப் போகத் திட்டம். சாயந்திரம் பொலிக்சேனி சமையலறையில் குறுகலைக் கழற்றி, உள்ளே விட்ட துணி வெளுப்பாக வரும்வரை துடைத்து, துண்டில் வைத்தாள். பக்கத்திலேயே அகலத்தை எடுத்து வைத்தாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே கிடந்தன. எண் உடம்பில் பொடியாக வெட்டியிருக்கும், விளிம்பில் அடையாளம் ஒன்றும் கிடையாது. அவள் கீரைப் பணியாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள், விரலெல்லாம் மாவு. ஸ்டெர்கியோஸ் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அவள் வாயைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

"ஏ அக்கா, உன் பணியாரத்துக்கும் இந்த சோக்குக்கும் ஒரே கிரீஸ்தானா?"

"வாய மூடு, நாயே. உனக்குத் தனியா கிரீஸ் போட்டுத் தரேன்."

பின்னால் மொச்சைப் பானை பொங்கி வழிந்தது. ஓடிப்போய் இறக்கினாள். திரும்பி வந்து துண்டிலிருந்து ஒரு சோக்கை எடுத்துத் திருகினாள். சாவியால் ஒரு இறுக்கு. மற்றதைப் பெட்டியில் வைத்தாள். எதை எடுத்தாள், எதை வைத்தாள்? மாவுக் கை. விரல் விட்டுப் பார்த்தாளா? அந்த இடம் மட்டும் அவள் நினைவில் வெறும் புகையாக இருக்கிறது. எத்தனை வருஷம் உட்கார்ந்து யோசித்தாலும் மொச்சைப் பானைதான் பொங்குகிறது, கை தெரியவில்லை.

மறுநாள் காலையில் காட்டில் மணி நின்றது. பறவை எழும்பியது. லாம்ப்ரோஸ் சுட்டான். புதருக்கு அப்பால் ஸ்டெர்கியோஸ் நின்றுகொண்டிருந்தான்.

பொலிக்சேனிக்கு முதலில் கேட்டது மணிதான். தம்பியின் நாய் ஃப்லோகா சரிவில் ஓடி வருகிற மணி. இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டார்களே என்று காபிக்குத் தண்ணீர் வைத்தாள். நாய் வாசலில் நின்றது. வாயில் காட்டுள்ளான் இருந்தது. அதை அவள் காலடியில் வைத்துவிட்டு, பின்னால் வர வேண்டியவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "எல்லா ரவையும் ஒரு தட்டு அளவுக்குள்ள ஒண்ணாப் பாஞ்சிருக்கு. சிதறியிருந்தா தோள்ல நாலு ரவையோட போயிருக்கும், ஆளு பொழச்சிருப்பாரு." டாக்டர் காபி குடிக்கப் போய்விட்டார். அவள் அந்த நிமிஷத்திலேயே நின்றுவிட்டாள்.

கோர்ட்டில் லாம்ப்ரோஸ், "எதிர்வெயிலு. கண்ணு தப்பிருச்சு. தப்பு என்னோடதுதான்" என்று மட்டும் சொன்னான். வேட்டை உரிமத்தைப் பிடுங்கினார்கள், துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் என்ன நியாயம் என்று கேட்டால் கொடுத்தவர்களுக்கே தெரியாது. அவன் அதைத் துடைக்காமல் அப்படியே உறையில் போட்டு, அலமாரிக்கு மேல் வைத்தான். சோக் பெட்டியை அந்தத் துயர நாளிலேயே அவன் எடுத்து ஆட்டுப்பட்டிக்குக் கொண்டுபோயிருந்தான். பிற்பாடு அதுவும் சமையலறை இழுப்பறைக்குத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து கோடை வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்து விட்டுக்கொண்டே திரிந்தான். துக்கத்தில் மண்டை குளிர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றது ஊர்.

பொலிக்சேனி அதோடு எல்லாருடைய சோக்குகளையும் விட்டாள். கண் மங்கிவிட்டது என்றாள். சொந்த வீட்டுத் துப்பாக்கியையும் சோக் பெட்டியையும் அவள் தொடவே இல்லை. சாவியை எடுத்துத் திருகினாலோ பெட்டியைத் திறந்தாலோ தெரிந்துவிடும். அகலம் என்றால் அவள் கை சுத்தம். குறுகல் என்றால் தம்பியைக் கொன்றது அவள் மாவுக் கை. தெரியாமல் இருந்தால் இரண்டும் இல்லாமல் எப்படியோ சோறு இறங்கியது. ஒரு ஈஸ்டர் காலையில் சோக் சாவி மேஜை மேல் கிடந்தது. லாம்ப்ரோஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, இல்லாத மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டு, முட்டைக்குச் சிவப்புச் சாயம் கரைக்கத் தொடங்கினாள். அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஸ்டெர்கியோஸின் பெண்டாட்டி ஆர்கிரோ சனிக்கிழமை தவறாமல் காபி குடிக்க வருவாள். நாத்தனாரை அவள் விடவில்லை. "உன் மேல என்ன தப்பு மதினி? நீயும் தம்பியப் பறிகொடுத்தவதான்" என்பாள். ஆனால் உள்ளே நுழையும்போது வாசல் தூணில் காறித் துப்பிவிட்டுத்தான் நுழைவாள். அது லாம்ப்ரோஸுக்கு. அவள் வரும் நேரம் அவன் பட்டிக்குப் போய்விடுவான். அவள் போனதும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தூணைக் கழுவுவான். எத்தனை வருஷம்! ஒரு நாளாவது முணுமுணுத்தானா என்றால், இல்லை.

இந்த வசந்தத்தில் லாம்ப்ரோஸ் செத்தான். ஆர்கிரோ அடக்கத்துக்கு வரவில்லை. துப்புவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். நவம்பரில் உறைபனி விழுந்த வாரம் போலீஸிலிருந்து ஆள் வந்தான். துப்பாக்கி யார் பெயரில் இருந்ததோ அவர் இப்போது இல்லை என்பதால் திங்கட்கிழமைக்குள் அதை ஒப்படைக்க வேண்டும், உருக்கிவிடுவார்கள் என்றான். போனால் போனதுதான். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க இனி எந்தக் காலத்திலும் முடியாது.

ஆகவே சனிக்கிழமை காலை ஆர்கிரோ வந்தபோது, சமையலறை மேஜையில் துண்டு விரித்து அதன்மேல் துப்பாக்கி கிடந்தது. பக்கத்தில் சாவி, துரு இளக்கும் எண்ணெய், சுத்தியல். பொலிக்சேனி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ! இத எதுக்கு மதினி வெளிய எடுத்த? மூடு, மூடு. என்னால பாக்க முடியாது."

"திங்கக்கெழம போயிருது, ஆர்கிரோ. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு பாக்கணும். நீயும் இருக்கறப்பவே பாத்துர்றேன். தனியா முடியல."

"என்னத்தப் பாக்கப் போற?"

அவள் சொன்னாள். டாக்டர் சொன்னதை, மாவுக் கையை, துண்டில் கிடந்த இரண்டு சோக்குகளை, எல்லாவற்றையும் சொன்னாள். ஆர்கிரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவள் முகம் கறுத்துவிட்டது.

"இத்தன வருசம் இத வச்சுக்கிட்டா எனக்குக் காபி ஊத்துன?"

"ஆமா."

"தெற. இப்பவே தெற."

இத்தனை வருஷம் துருவேறி இறுகியிருக்கும், எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டித்தான் அசைக்க வேண்டியிருக்கும் என்று பொலிக்சேனி நினைத்திருந்தாள். சாவியை வாயில் பொருத்தி, உடம்பின் பலத்தை எல்லாம் கொடுக்கத் தயாராகி, மெல்லத் திருப்பினாள். சோக் வெண்ணெயில் போவதுபோல் சுழன்றது. இரண்டு விரலாலேயே கழற்றி எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி எண்ணைப் படித்தாள். அது அகல வாய்.

"அகலம்! ஆர்கிரோ, அகலம்! மாதாவே, என் தாயே, அகலந்தான்டி!"

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆர்கிரோ எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் மதினி. உன் கை தப்பு பண்ணுமா? எல்லாம் அந்தக் குருட்டுப் பயலோட கண்ணு. நல்லா இருப்பானா அவன், மண்ணுக்குள்ளயும் நல்லா இருக்க மாட்டான்."

கட்டிக்கொண்டு நின்றபோதுதான் பொலிக்சேனிக்கு வாசனை வந்தது. கையிலிருந்த சோக்கை மூக்குக்கருகே கொண்டுபோனாள். கற்பூர நெடி. மரை முழுக்க மஞ்சளாக அப்பியிருந்தது. துப்பாக்கிக் கிரீஸ் இல்லை அது. ஆட்டு மடி வெடித்தால் தடவுகிற களிம்பு. பட்டியில் டப்பா டப்பாவாகக் கிடக்குமே, அது. விரலால் அள்ளி, பாவி மனுஷன், பணியாரத்துக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி தடவியிருக்கிறான். அவள் ஒருநாளும் அப்படித் தடவ மாட்டாள்.

அவள் ஆர்கிரோவின் கையை விலக்கினாள். வெள்ளைத் துணி ஒன்றைக் கிழித்து, கழற்றிய சோக்கின் உள்ளே விட்டு எடுத்தாள். துணி வெள்ளையாகவே வந்தது. தம்பி செத்த நாளுக்குப் பிறகு சுடப்படாத, துடைக்கப்படாத துப்பாக்கி அது. அந்தக் குழலின் வாயில் இருந்த சோக்கில் ஒரு பொட்டுக் கரிகூட இல்லை. இழுப்பறையைத் திறந்து பெட்டியை எடுத்தாள். ஐந்து குழியில் நான்கு சோக்குகள் இருந்தன. குறுகலுக்கான குழியில் குறுகல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. வெளியே நன்றாகத் துடைத்திருந்தது. இன்னொரு துணியை அதன் உள்ளே விட்டு எடுத்தாள். கரிக்கட்டை போல் கறுத்து வந்தது.

உள்பக்கம் துடைக்க வேண்டும் என்று லாம்ப்ரோஸுக்குத் தெரியாது. அவன்தான் அந்த வேலையை ஒருநாளும் செய்ததில்லையே. அன்றைக்கே பெட்டியில் அகலம் கிடந்ததைப் பார்த்து அவனுக்குப் புரிந்திருக்கிறது. துப்பாக்கி கோர்ட்டிலிருந்து வந்ததும் வீட்டுக்குக் கொண்டுவருமுன் பட்டியில் உட்கார்ந்து, குறுகலைக் கழற்றி, அகலத்தைப் போட்டு, அவள் எப்போதாவது திறந்து பார்த்து நிம்மதி அடையட்டும் என்று காத்திருந்திருக்கிறான். அந்த ஈஸ்டருக்குச் சாவியை மேஜையில் வைத்ததும் அதற்குத்தான். வாய் திறந்து சொல்லியிருந்தால் காது காட்டிக்கொடுத்திருக்கும். அவளுக்கு அந்தக் கம்பளித் தொப்பி இப்போதுதான் புரிந்தது.

"என்ன மதினி? என்ன பாக்குற?"

பேசாமல் இருந்துவிடலாம். ஆர்கிரோவுக்கு சோக்கும் தெரியாது, களிம்பும் தெரியாது. இரண்டு துணியையும் அடுப்பில் போட்டால் முடிந்தது. சனிக்கிழமைகள் தொடரும். தம்பியின் பெயரைச் சொல்லி அழ உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே துணை இவள். லாம்ப்ரோஸ் ஆசைப்பட்டதும் அதைத்தான். கணப்பில் விறகு வெடித்தது. பொலிக்சேனியின் கண் ஜன்னல் வழியாக வாசல் தூணுக்குப் போனது. கழுவிக் கழுவி அந்த ஒரு இடத்தில் மட்டும் சுண்ணாம்பு உரிந்து கல் தெரிந்தது.

அவள் இரண்டு துணிகளையும் ஆர்கிரோவின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"உக்காரு. இந்த வெள்ளத் துணி துப்பாக்கியில இருந்த சோக்கு. அது அன்னைக்குச் சுடவே இல்ல. இந்தக் கறுப்பு, பெட்டியில இருந்தது. சுட்டது இதுதான். அவன் பின்னால மாத்தி வச்சிருக்கான். எனக்குத் தெரியக்கூடாதுன்னு. அவன் கண்ணு தப்பல, ஆர்கிரோ. சரியா அகல வாய் இருக்குன்னு நம்பிச் சுட்டான். தம்பியக் கொன்னது என் கை. நீ இத்தன வருசம் துப்புனது என் மேல விழ வேண்டியது."

ஆர்கிரோ துணிகளைப் பார்த்தாள். கறுப்புத் துணியை விரல் நுனியால் தொட்டு, அந்த விரலை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள்.

"அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சா? மொதல்லருந்தே?"

"மொதல்லருந்தே."

"தெரிஞ்சும் தூணக் கழுவிட்டுக் கெடந்தானா?"

ஆர்கிரோ எழுந்தாள். தலைத்துணியைச் சரியாகக் கட்டிக்கொண்டாள். காபி அப்படியே இருந்தது. கதவு வரை போய்த் திரும்பாமலே, "இனி சனிக்கெழம எனக்காகக் காபித் தண்ணி வைக்காத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பொலிக்சேனி ஜன்னலில் நின்றாள். ஆர்கிரோ தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஓடையைத் தாண்டி எதிர்ச் சரிவில் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினாள். ஸ்டெர்கியோஸ் மேல் வரிசையில் கிடக்கிறான். லாம்ப்ரோஸை இடமில்லாமல் கீழ்ச் சுவரோரம் புதைத்தார்கள். ஓக் காட்டில் யாருடைய நாயோ மணி அடித்து ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்த மணி நின்றது. பொலிக்சேனியின் கை ஜன்னல் சட்டத்தில் நின்றது.

எதிர்ச் சரிவில் ஆர்கிரோ இரும்புக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். மேல் வரிசைக்கு ஏறவில்லை. கீழ்ச் சுவரோரம் நின்று, தலைத்துணியை அவிழ்த்து, மண்டியிட்டு, அந்தத் துணியாலேயே கல்லைத் துடைக்கத் தொடங்கினாள்.